ஆற்றில் வசிப்பவர்

நங்கநல்லூர்,
12 ஜனவரி 2025

சிரஞ்சீவி சாய்நாத்துக்கு அநேக ஆசீர்வாதம். நானும் உன் மன்னியும் சௌக்கியம். மயிலாப்பூரில் அக்காவும் சௌக்கியம். மெல்போர்னில் வெயில் கடுமை என்று செய்தியில் பார்த்தேன். குழந்தை ஸ்நேஹாவை மத்தியானத்தில் வெளியே விடாதே.

போனில் பேசினால் நீ பேசுவாய், நான் கேட்பேன். அதனால்தான் எழுதுகிறேன். மின்னஞ்சலில் வந்தாலும் கடிதம் கடிதம்தான்.

அடையாற்றில் எங்கள் மூளை ஆய்வுக்கூடத்தில் புதிய ஆய்வு ஒன்று தொடங்கியிருக்கிறது. முதியவர்களிடம் சில கேள்விகள் கேட்கப்படும். அவர்கள் சொல்லும் விடைகளைக் கொண்டே மறதிநோய் உண்டா இல்லையா என்று கணினி தீர்ப்புச் சொல்லிவிடும். மனிதர் யாரும் மதிப்பெண் போடுவதில்லை என்பதுதான் இதன் பெருமை. ஊழியர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்து முதியவர் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று பேராசிரியர் நீரஜா கேட்டுக்கொண்டார். அவர் கேட்டுக்கொண்டால் அது உத்தரவு. நான் அக்காவைச் சொன்னேன்.

ஆய்வு மாணவி சரண்யா டேப்லெட்டோடு அக்காவின் ஃப்ளாட்டுக்கே வந்தாள். "இப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று அந்தக் கருவி கேட்டது.

"ஏண்டிம்மா, இப்பத்தானே நான் உனக்குக் கதவைத் தொறந்து விட்டேன்? எங்க இருக்கேன்னு என்னையே கேக்கறதே இது!" என்றாள் அக்கா. பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் கேட்கும் கேள்வியா அது?

"என்னைப் பாக்காதீங்க மேடம், அதைப் பாத்துச் சொல்லுங்க" என்று சரண்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அக்கா, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல் அந்தக் கருவியிடம் உரக்க விடை சொல்லி முடித்தாள்.

ஆய்வுக்கூட ஊழியரே உறவினராகக் கையொப்பமிடக் கூடாது என்பது விதி. ஆகவே நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் உன் பெயரைக் கொடுத்தேன். அறிக்கை உனக்குத்தான் வரும். பார்த்துவிட்டு எழுது.

உன் நலம் வேண்டும் அண்ணன்,
ஸ்ரீரங்கன்


மெல்போர்ன்,
2 பிப்ரவரி 2025

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஸ்நேஹா பெரியப்பாவை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அறிக்கை வந்ததும் தெரிவிக்கிறேன். அக்காவைப் பற்றி எனக்கு எப்போதும் கவலைதான். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, கட்டடமும் பழையது. இடித்துக் கட்டுவதற்கு மற்ற எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டுவிட்டதாகக் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் எழுதியிருந்தார். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம். சும்மா தகவலுக்காக எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள தம்பி,
சாய்நாத்


நங்கநல்லூர்,
5 மார்ச் 2025

சிரஞ்சீவி சாய்நாத்துக்கு ஆசீர்வாதம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீங்கள் மூவரும் சௌக்கியமா?

அக்காவின் அறிக்கை உனக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சரண்யா சொல்கிறாள். விதிப்படி அவள் அதை எனக்குக் காட்டுவதில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அக்கா ஒரு செய்தி சொன்னாள். நீ தினமும் போன் செய்து, இன்றைக்கு என்ன கிழமை என்று அவளைக் கேட்கிறாயாம்.

"ஏண்டா ரங்கா, அவா ஊர்ல காலண்டரே கெடைக்கலையா? பாவம், ஒண்ணு வாங்கி அனுப்பேன்" என்றாள்.

அறிக்கையில் என்ன இருக்கிறது? நல்லதாக இருந்திருந்தால் மறுநாளே எழுதியிருப்பாய். கட்டட விஷயம் பற்றி நீ எழுதியதையும் யோசித்தேன். அப்பா நம் மூவர் பெயரிலும் விட்டுப்போன வீடு அது. ஆனால் அக்கா உயிருள்ளவரை அங்கே இருக்கலாம் என்று அவர் படுக்கையருகில் நின்று நாம் இருவரும் சொன்னோம். அவள் கிளம்ப மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஸ்ரீரங்கன்


மெல்போர்ன்,
28 மார்ச் 2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். உடனே எழுத முடியாததற்கு மன்னிக்கவும். மனசு சரியில்லை.

அறிக்கையில் உள்ளதை அப்படியே தருகிறேன்: "பங்கேற்பாளர், தான் ஆற்றில் இருப்பதாகக் கூறுகிறார். ஆற்றில் தனியாகச் சமைப்பதாகவும், இரவில் ஆற்றிலேயே உறங்குவதாகவும், மழைக்காலத்தில்கூட ஆற்றை விட்டு வெளியே வருவதில்லை என்றும் உறுதிபடச் சொல்கிறார். இடம் அறியும் திறன் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளது. தனித்து வாழத் தகுதியற்றவர்."

நம் அக்கா, அண்ணா! படித்துவிட்டு நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்த மருத்துவரிடம் காட்டினேன். இந்த நிலையில் தனியாக விடுவது குற்றம் என்றார். திருவான்மியூரைத் தாண்டிக் கடலோரமாக ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. விசாரித்திருக்கிறேன். நீங்கள் அக்காவிடம் எதுவும் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டாம்.

மன்னிக்கு என் நமஸ்காரம்.

சாய்நாத்


நங்கநல்லூர்,
29 மார்ச் 2025

சாய்நாத்துக்கு ஆசீர்வாதம். இங்கே சௌக்கியம்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறேன் என்று உன் மன்னி கேட்டாள். அவளிடம் சொல்ல வாயெடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா ஆற்றில் இருப்பதாகச் சொல்லவில்லை. ஆத்துல இருப்பதாகச் சொன்னாள். எங்கே இருக்கிறீர்கள்? எங்காத்துல. யார் சமைக்கிறார்கள்? ஆத்துல நான் ஒருத்திதான், நானே பண்ணிப்பேன். மழை பெய்தால்? ஆத்தை விட்டு நகர மாட்டேன். உன்னையும் என்னையும் வளர்த்த வீட்டில் வீட்டுக்கு இருந்த ஒரே பெயர் அது. கணினி அதை நதி என்று எடுத்துக்கொண்டது.

உடனே மென்பொருள் எழுதிய காஷிஃபிடம் போனேன். ராயப்பேட்டைப் பையன், கெட்டிக்காரன்.

"மிஷின் தப்பாக் கேக்கலை சார். அம்மா 'ஆத்துல'ன்னாங்க, அதுவும் 'ஆத்துல'ன்னுதான் கேட்டுது. அதுக்குத் தெரிஞ்சது தண்ணி ஓடற ஆத்துல ஒண்ணுதான் சார்."

"உனக்குமா தெரியாது?"

"எங்க வீட்ல உருது சார். எனக்கு யாரு சொல்லித் தந்தாங்க?"

சரண்யா பக்கத்திலேயே இருந்தாள். "எனக்குத் தெரியும் சார். என் ஹாஸ்டல் ரூம்மேட் அப்படித்தான் பேசுவா. அன்னிக்கு அங்கயே சிரிப்பு வந்துச்சு. ஆனா நாங்க கை வெச்சா ஆய்வே செல்லாதுன்னு மேடம் கண்டிஷனாச் சொல்லியிருக்காங்க. கேட்டதை மாத்தக் கூடாது, அவ்ளோதான்."

அக்கா மட்டுமல்ல. பெசன்ட் நகர்க் குப்பத்தில் மீன் விற்கும் குப்பம்மாவை எப்படி இருக்கிறீர்கள் என்று கருவி கேட்டிருக்கிறது. "எனுக்கின்னா, நல்லா கீறேன்" என்று தான் நன்றாக இருப்பதை அந்த அம்மாள் தன் குப்பத்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். தன்னைத்தானே கீறிக் காயப்படுத்திக்கொள்பவர் என்று அறிக்கை போயிருக்கிறது. அவள் மகன் ஆரோக்கியராஜ் ஆய்வுக்கூட வாசலுக்கே வந்து, "எங்கம்மா மீனைக் கீறும், வோணும்னா உன்னியும் கீறும். தன்னைக் கீறிக்கினா எவன் சொன்னான்?" என்று கத்திவிட்டுப் போனான். அவனாவது கத்தினான்.

திருத்திய அறிக்கையை நான் வாங்கி அனுப்புகிறேன். அதுவரை எதுவும் செய்யாதே. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை, சாய்நாத். கல்லூரி முடிக்கும்வரை நீயும் அந்த ஆத்துலதான் இருந்தாய். இந்த அறிக்கையை ஒரு மாதத்துக்கும் மேலாகக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் வேலைக்கும் போகாமல் யோசித்த உனக்கு இது தோன்றவே இல்லையா?

ஸ்ரீரங்கன்


நங்கநல்லூர்,
20 ஏப்ரல் 2025

சாய்நாத்துக்கு ஆசீர்வாதம். வருஷப் பிறப்புக்கு உன்னிடமிருந்து ஒரு வரி வரும் என்று எதிர்பார்த்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பேராசிரியர் நீரஜாவைப் பார்த்தேன். காஷிஃபும் சரண்யாவும் உடன் இருந்தார்கள். அவர் சொன்னதைச் சுருக்காமல் எழுதுகிறேன், பிற்காலத்தில் நான் மிகைப்படுத்தியதாக யாரும் சொல்லக் கூடாது.

"ஸ்ரீரங்கன், உங்க அக்காவுக்காக ஒரு இடத்துல நான் கை வெச்சேன்னா, மனுஷக் கை படலைங்கற வார்த்தையை நான் எப்படி எழுதறது? ஆய்வுன்னா ஒரு ஒழுங்கு இருக்கு."

"தவறு என்று தெரிந்த பிறகுமா?"

"தவறுன்னு உங்களுக்குத் தெரியறது. கருவிக்குத் தெரியலை. நாம அளக்கறது கருவியை."

"அறிக்கை கருவிக்குப் போகவில்லை, மேடம். தம்பிக்குப் போயிருக்கிறது."

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. அவர் வளர்ந்தது கபாலீசுவரர் கோயில் மாட வீதியில். போனை எடுத்து, "நான் ஆத்துக்கு வர எட்டு மணி ஆயிடும். நீங்க சாப்ட்டுடுங்கோ" என்றார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். காஷிஃப் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரண்யா ஜன்னலைப் பார்த்தாள். நான் பேராசிரியரின் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றும் நடக்கவில்லை. "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். போன கடிதத்தில் நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை.

ஸ்ரீரங்கன்


மெல்போர்ன்,
11 மே 2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். மன்னியும் நீங்களும் நலம்தானே?

அவசரமாக ஒரு வாரம் சென்னை வந்து திரும்பினேன். நீங்கள் புதுச்சேரியில் ஆய்வு முகாமில் இருந்ததால் தொந்தரவு செய்யவில்லை. வீட்டில் குழாய் மாற்ற வேண்டும், இரண்டு வாரம் வேறிடத்தில் இருக்கலாம் என்று சொல்லி அக்காவை அந்த இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். அவளே நடந்துவந்துதான் காரில் ஏறினாள். அறிக்கையைப் பார்த்ததும் உடனே இடம் கொடுத்தார்கள். நல்ல காற்று, தனி அறை, நேரத்துக்குச் சாப்பாடு. வீட்டுச் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

எல்லாம் அக்காவின் நன்மைக்குத்தான். உங்கள் முழங்காலுக்கு ஒரு நல்ல தைலம் அனுப்பியிருக்கிறேன்.

சாய்நாத்


கடலோர இல்லம்,
19 மே 2025

சிரஞ்சீவி ரங்கனுக்கு அநேக ஆசீர்வாதம். நீயும் அவளும் சௌக்கியமா? நான் சௌக்கியம். இந்த வாக்கியத்தை எழுதக்கூட இங்கே அனுமதி வாங்கணும் போலிருக்கு. போனை சார்ஜ் போடறோம்னு வாங்கிண்டு போனவா திருப்பித் தரலை. இங்கே பெருக்கித் துடைக்கற ஜைதூன் பீதான் இதைத் தபால்ல போடறேன்னா.

காலம்பர கண்ணைத் தொறந்தா ஒரு பொண்ணு வந்து நிக்கறது. "பாட்டிம்மா, இது என்ன எடம் சொல்லு பாப்போம்" என்கிறது. கேக்கற தொனியைப் பார்க்கணுமே, எல்கேஜி வாத்தியார் தோத்தார். "சோழமண்டலக் கடற்கரை, வடக்கு அட்சரேகை பதிமூணுக்குக் கொஞ்சம் கீழே" என்றேன். "பாட்டி இன்னிக்கு ரொம்பக் கொழப்பத்துல இருக்கு"ன்னு எழுதிண்டு போயிட்டா.

குழாய் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு. கட்டடத்தை இடிக்கறதுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்னு செயலாளர்கிட்ட சொன்னதுக்கு இது. சாயி என் மூஞ்சியைப் பார்க்காமலேயே கிளம்பினான். அழலை நான். வெளில போகணும்னா அவன் கையெழுத்து வேணுமாம். நீ வந்தா ஹால்ல உட்கார வெப்பா, அழைச்சுண்டு போக விட மாட்டா.

சரண்யா சொன்ன விஷயத்தை நீ போன மாசமே எனக்குச் சொன்னாய். நான் சிரிச்சேன். இப்போ கேக்கறேன், அந்தப் பரீட்சைக்கு எந்தப் பாஷைல விடை எழுதணும்? அதைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லு. பரீட்சைன்னா எனக்குப் பயம் கிடையாது. எனக்கு என் ஆத்துக்குப் போகணும், ரங்கா. வேற ஒண்ணும் வேண்டாம்.

இப்படிக்கு,
சுந்தரவல்லி


நங்கநல்லூர்,
6 ஜூலை 2025

சாய்நாத்துக்கு. இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

குழு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பேச்சுவழக்கால் கருவியைக் குழப்பியவர்கள் அனைவரும் ஆய்விலிருந்து நீக்கப்பட்டார்கள். அக்காவும் நீக்கப்பட்டாள், குப்பம்மாவும் நீக்கப்பட்டாள். தவறு செய்தது கருவி, வெளியேற்றப்பட்டது அவர்கள். அப்படியானால் அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள் என்றேன். ஆய்விலேயே இல்லாத ஒருவரின் அறிக்கையை ஆய்வுக்கூடம் எப்படித் திருத்த முடியும் என்று கேட்டார் பேராசிரியர். இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தர்க்கம் அவருக்குத் திருப்தியாக இருந்தது.

ஒரே வழி, புதிய பங்கேற்பாளராக மீண்டும் சோதனை. ஞாயிறுதோறும் அந்த இல்லத்துக் கூடத்தில் சரண்யா அக்காவுக்குப் பழக்கினாள். "ஆத்துல இல்லை மேடம், வீட்டில். தூக்கம் நன்னா வந்துதுன்னு இல்லை, நன்றாக உறங்கினேன். நியூஸ் படிக்கற மாதிரி சொல்லுங்க." முதல் வாரம் அக்கா கேலி செய்துகொண்டே கற்றாள். "ஏண்டி, பசிச்சா இவாகிட்ட என்னன்னு சொல்றது? எனக்கு உணவு தேவைப்படுகிறதுன்னா?" அடுத்த வாரம் கேலி குறைந்தது. கடைசி வாரம் அவள் கேலியே செய்யவில்லை.

முழு மதிப்பெண். ஒரு பிழையும் இல்லை. இந்த முறை நெருங்கிய உறவினராக உன் மன்னி கையொப்பமிட்டாள்; அவளுக்கு வந்த புதிய அறிக்கையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இல்லத்துக்கு உன் கையெழுத்தும் எனக்கு வீட்டுச் சாவியும் வேண்டும். தாமதித்தால் இரண்டு அறிக்கைகளையும் உன் மௌனத்தையும் வழக்கறிஞரிடம் கொடுப்பேன்.

தைலம் பிரிக்காமலே இருக்கிறது.

ஸ்ரீரங்கன்


மெல்போர்ன்,
24 ஆகஸ்ட் 2025

அண்ணாவுக்கு நமஸ்காரம். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் அனுப்பிய கையெழுத்தும் சாவியும் கிடைத்து, அக்கா வீடு திரும்பிவிட்டதாகச் செயலாளர் மூலம் தெரிந்துகொண்டேன். மிகவும் சந்தோஷம். ஒரு கருவி செய்த பிழைக்கு நாம் என்ன செய்ய முடியும்? நடந்ததை மறந்துவிடலாம்.

நான் போன் செய்தால் அக்கா, "நான் நலமாக இருக்கிறேன், நன்றி" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். யாரோ வேற்று மனிதரிடம் பேசுவதுபோல் இருக்கிறது. உண்மையில் எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
சாய்நாத்


நங்கநல்லூர்,
14 செப்டம்பர் 2025

சாய்நாத்துக்கு.

உன்னிடம் மட்டும் அப்படிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நீ வருந்த வேண்டாம். அந்தத் தண்டனையாவது உனக்குத் தனியாகக் கிடைத்திருக்கலாம்.

முதலில் ஆய்வுக்கூடத்துச் செய்தி. அக்காவின் இரண்டாவது பதிவைப் பேராசிரியர் நீரஜா மிகவும் மெச்சினார். எழுபது வயதை நெருங்கும் ஒருவரிடம் இவ்வளவு தெளிவான பேச்சைக் கேட்டதில்லையாம். நலமாக உள்ள முதியவர் எப்படிப் பேசுவார் என்று கருவிக்குக் கற்பிக்க, இனி அக்காவின் குரலைத்தான் மாதிரியாக வைக்கப்போகிறார்கள். காஷிஃப் அதை ஏற்றிவிட்டு வந்து, "சாரி சார்" என்று மட்டும் சொன்னான். நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். பேராசிரியர் அதில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினார்.

இன்று காலை மயிலாப்பூர் போனேன். வீடு துப்புரவாக இருந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கே அக்கா?"

"நான் நலமாக இருக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் மயிலாப்பூரில், என் வீட்டில் இருக்கிறேன்."

"என்கிட்ட எதுக்கு அக்கா இதெல்லாம்? ரங்கன்தானே வந்திருக்கேன்."

"நீ என் தம்பி ஸ்ரீரங்கன். காலை உணவு உண்டாயா?"

கோபத்தில் குத்திக்காட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்கு அந்த உரிமை உண்டு. கோபமா என்று கேட்டேன்.

"இல்லை. நான் கோபமாக இல்லை. நான் தெளிவாக இருக்கிறேன்."

மத்தியானம்வரை அவளோடு இருந்தேன். சமையலைப் பற்றிப் பேசினாள், வெயிலைப் பற்றிப் பேசினாள். எல்லாம் செய்தி வாசிப்பதுபோலவே. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆத்துக்குப் போயிட்டுப் போன் பண்றேன் அக்கா" என்றேன்.

அவள் விரைந்து வந்து என் வாயைப் பொத்தினாள். மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்:

"வீட்டுக்கு என்று சொல், ரங்கா. உன்னையும் கொண்டுபோய்விடுவார்கள்."

ஸ்ரீரங்கன்